பழைய பெஜோ 406 கூபே மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

வாங்கலாம். 3.0 வி6 (மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின்) என்றால் முன் பிரேக்கைப் பார்த்துவிட்டு. 1997இல் விற்பனைக்கு வந்த இந்த இரண்டு கதவுக் காரை வரைந்தது மட்டுமல்ல, இத்தாலியில் கட்டியதும் பேர்பெற்ற கார் வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினாதான். விலையோ பழைய பெஜோ விலை. கவர்ச்சியே அதுதான்.

வி6இன் பிரெம்போ காலிப்பர் (பேட் எனும் உராய்வுக் கட்டையைப் பிரேக் தட்டில் அழுத்தும் பாகம்) அலுமினியம். பேட் நகரும் இடத்தில் திருகியிருக்கும் எஃகுத் தகட்டுக்கு அடியில் அரிப்பு வெள்ளைப் பொடியாகப் பூத்துத் தகட்டைத் தூக்கிவிடும். பேட் இறுகிப் பின்வாங்காது, சக்கரம் சுடும். உடனே புது காலிப்பருக்கு ஓட வேண்டாம்: தகட்டைக் கழற்றி, பொடியை அரத்தால் சுரண்டி, புதுத் திருகு போட்டுப் பாருங்கள். பழைய திருகு சட்டென்று உடையும், நிதானம்.

எஞ்சின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய ரசீதைக் கேளுங்கள். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். பின்விளக்குக்குள் நீர் கோத்திருந்தால் பேரம் பேசுங்கள், நான்கு கதவு 406 செடானின் விளக்கு இதற்குப் பொருந்தாது.