தலைப்புக்குக் கீழே என்ன இருந்தது?

கேள்வி: எனக்கு 46 வயது. அப்பாவுக்கு 79. கண் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. முப்பது வருடமாக ஒரு தலைவர் மீது அவருக்கு அப்படியொரு பற்று. அந்தத் தலைவர் எதிர்க்கட்சியில் இருந்தபோது ஒரு திட்டத்தை "உயிரே போனாலும் வர விடமாட்டேன்" என்றார். இப்போது அமைச்சரானதும் அதே திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார். கேட்டால் அப்பா, "காலம் மாறினா கருத்தும் மாறாதா?" என்கிறார். தினமும் காலையில் நான்தான் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். அந்தத் தலைவர் செய்தி வந்தால் தலைப்பை மட்டும் படிப்பேன். கீழே இருக்கும் விளக்கமெல்லாம் சமாளிப்பு என்பதால் விட்டுவிடுவேன். அவருடைய பழைய பேச்சுகளைக் கத்தரித்து ஒரு ஃபைலும் போட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் வாக்குவாதம் முற்றிப்போய், இனி பேப்பரே வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அரசியல்வாதிகள் இப்படி நிலைப்பாட்டை மாற்றுவது நியாயமா? அப்பாவுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தலைவர் கிடக்கட்டும், தம்பி. தலைப்பை மட்டும் படித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுவேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பேசிவிடுவோம்.

பார்வை போன மனிதர் உங்கள் கண்ணைக் கடன் கேட்டார். நீங்கள் கண்ணோடு சேர்த்துக் கத்தரிக்கோலையும் கொண்டுபோய் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் எதை விட்டீர்கள் என்று புரட்டிப் பார்க்க அவருக்கு வழி இல்லை. விட்டீர்கள் என்பதே அவருக்குத் தெரியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை வாசிக்கும்போது, உங்களுக்குப் பிடிக்காத மாத்திரையைத் தாண்டிப் போவீர்களா? அந்தத் தலைவர் ஊரை ஏமாற்றினாரா என்பது இனிமேல்தான் விசாரிக்க வேண்டிய விஷயம். நீங்கள் ஏமாற்றியதற்கு உங்கள் கடிதமே சாட்சி. பெற்றவருக்குச் செய்யும் கடமையில் பிடித்த பாதியை மட்டும் செய்கிற சலுகை பிள்ளைகளுக்குக் கிடையாது. வாசிப்பது என்று ஒப்புக்கொண்டால் முழுதாக வாசிக்க வேண்டும். முடியாது என்றால் வேறு யாரையாவது உட்கார வைத்துவிட்டு எழுந்து போய்விட வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கான பதில் அந்த விட்டுப்போன பத்திகளில்தான் இருக்கிறது. ஏழெட்டு வருட இடைவெளியில் வந்த இரண்டு தலைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரையும் பல்டி அடித்தவராகக் காட்டலாம். முன்பு "எதிர்ப்பு", இப்போது "ஆதரவு". நடுவில் என்ன நடந்தது என்று தலைப்பு சொல்லாது.

ராபர்ட் பீலை எடுத்துக்கொள்ளுங்கள். 1841ல் அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சி பிரிட்டனில் ஆட்சிக்கு வந்தது. வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டு உள்நாட்டு நிலச்சுவான்தார்களைக் காப்பாற்றும் தானியச் சட்டங்கள்தான் அந்தக் கட்சியின் உயிர்நாடி. 1846ல் அதே பீல், பிரதமர் நாற்காலியில் இருந்துகொண்டே அந்தச் சட்டங்களை ரத்து செய்தார். உங்கள் ஃபைலில் இது முதல் பக்கத்தில் இருக்கும்! இடையில் நடந்ததைப் பாருங்கள். 1845ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோய் தாக்கி அழுகியது. வெளியிலிருந்து வரும் தானியத்துக்கு வரி போட்டுக்கொண்டே பஞ்சத்தைச் சமாளிக்க முடியாது என்று அவர் வெளிப்படையாக வாதாடினார். பஞ்சத்துக்கு முன்பே அவர் மனம் அந்தப் பக்கம் சாயத் தொடங்கிவிட்டது என்று எழுதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. இருக்கட்டும். அவருக்கு என்ன லாபம் வந்தது? சொந்தக் கட்சி எம்.பி.க்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குபேர் எதிர்த்து வாக்களித்தார்கள். எதிர்க்கட்சியின் தயவில்தான் மசோதா தேறியது. பிரபுக்கள் சபை அதை ஏற்றுக்கொண்ட அதே இரவில், கீழ்ச்சபையில் வேறொரு மசோதாவில் அவரைத் தோற்கடித்தார்கள். சில நாட்களில் பதவி போயிற்று, கட்சியும் இரண்டாக உடைந்தது. மாறியதற்கு இப்படி விலை கொடுத்தவரைச் சந்தர்ப்பவாதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பிரிட்டனிலேயே இன்னொரு பக்கமும் உண்டு. 2010 தேர்தலுக்கு முன்பு நிக் கிளெக்கும் அவருடைய லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்களும், பல்கலைக்கழகக் கட்டண உயர்வு எதுவாக இருந்தாலும் எதிர்த்து வாக்களிப்போம் என்று மாணவர் சங்கத்தின் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். மே மாதம் கூட்டணி ஆட்சியில் சேர்ந்தார்கள். டிசம்பரில் அதே கிளெக், ஆண்டுக் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்த ஆதரவாக வாக்களித்தார். 2012ல் மன்னிப்பும் கேட்டார். அந்த வாக்குறுதியைக் கொடுத்திருக்கக் கூடாது என்பதுதான் அந்த மன்னிப்பின் சாரம். 2015ல் கட்சி 57 இடத்திலிருந்து 8 இடத்துக்கு வந்து நின்றது. ஒருவர் ஒரு விஷயத்தில் என்ன நினைக்கிறார் என்பது நிலைப்பாடு. அது தகவலைப் பார்த்து மாறலாம், மாறவும் வேண்டும். கையெழுத்துப் போட்டு ஓட்டு வாங்கியது வாக்குறுதி. அதை மாற்றுகிறவர் ஓட்டுப் போட்டவரிடம் முதலில் வந்து சொல்ல வேண்டும். உங்கள் தலைவரின் "உயிரே போனாலும்" என்பது எந்த வகை என்று தலைப்பை வைத்துச் சொல்ல முடியாது. தேர்தல் அறிக்கையில் அந்தத் திட்டத்தைப் பற்றி வரி இருந்ததா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அவர் கடன்பட்டவர். இல்லை என்றால் மேடையில் சூடாகப் பேசியிருக்கிறார். அதுவும் தப்புதான், ஆனால் வேறு தப்பு.

எல்லா வழக்கும் இப்படி வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருந்துவிட்டால் நமக்கு வேலை சுலபம். ஜெர்மனியில் ஏங்கெலா மெர்கலின் அரசு 2010ல்தான் அணு உலைகளின் ஆயுளைச் சராசரியாக 12 ஆண்டு நீட்டித்தது. 2011 மார்ச் 11ல் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து தொடங்கியது. மார்ச் 14ல் மெர்கல் அந்த நீட்டிப்பை மூன்று மாதத்துக்கு நிறுத்திவைத்தார். கோடையில், 2022க்குள் எல்லா உலைகளையும் மூடுவது என்று நாடாளுமன்றம் சட்டமே போட்டது. ஜப்பானைப் போலத் தொழில்நுட்பத்தில் தேர்ந்த நாட்டிலேயே இது நடக்கும் என்றால் என் கணிப்பை நான் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். இயற்பியல் படித்தவர் சொன்ன காரணம், எடுபடக்கூடியதுதான். ஆனால் மார்ச் 27ல் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத் தேர்தல் இருந்தது. அணு எதிர்ப்பு அங்கே பெரிய பிரச்சினை, அவர் கட்சிக்கோ அது பல பத்தாண்டுக் கோட்டை. (அப்படியும் தோற்றார்கள்.) காரணமும் கணக்கும் ஒரே வண்டியில் வருவது அரசியலில் சகஜம். உள்நோக்கத்தைத் தோண்டிக்கொண்டே இருந்தால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். சொன்ன காரணம் நிற்கிறதா, சொன்னபடி செய்தார்களா என்று பாருங்கள். ஜெர்மனியின் கடைசி உலைகள் 2023 ஏப்ரலில் மூடப்பட்டன. அப்போது மெர்கல் பதவியிலேயே இல்லை.

இனி அந்த ஃபைலுக்கு வருவோம். தூக்கிப் போடாதீர்கள். ஆனால் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியதற்குப் பேர் ஆதாரம் இல்லை. ஒரே ஒரு விஷயத்தை, அந்தத் திட்டத்தை மட்டும், எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய பேச்சை முழுதாகத் தேடிப் பிடியுங்கள். சபையில் பேசியதாக இருந்தால் அவைக் குறிப்பில் வார்த்தைக்கு வார்த்தை கிடைக்கும். பத்திரிகைச் செய்தியைவிட அதை நம்பலாம். அதில் "இப்போதைய வடிவில்", "இழப்பீடு தராமல்", "மக்களிடம் கேட்காமல்" என்கிற மாதிரி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்புப் போடுகிறவர் முதலில் வெட்டுவது அந்த வார்த்தையைத்தான். அடுத்து, அன்றைய திட்டமும் இன்றைய திட்டமும் ஒன்றுதானா? பெயர் அப்படியே இருக்க, உள்ளே பாதை, பரப்பு, செலவு, இழப்பீடு எல்லாம் மாறியிருக்கலாம். எதிர்த்தவர் கேட்ட திருத்தம் நடந்த பிறகு அவர் ஆதரித்தால் அது வெற்றி. அதைப் பல்டி என்பது அநியாயம். ஒரு வரியும் மாறவில்லை என்றால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

வாக்களித்த கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். 2004ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ஜான் கெரி, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செலவுக்கான 8,700 கோடி டாலரைப் பற்றி, எதிர்த்து வாக்களிப்பதற்கு முன்னால் ஆதரித்துத்தான் வாக்களித்தேன் என்று சொல்லி மாட்டிக்கொண்டார். எதிரணி அதையே விளம்பரமாக்கியது. அவர் ஆதரித்தது, பணக்காரர்களுக்குக் கொடுத்த வரிச்சலுகையைக் குறைத்து அந்தப் பணத்தைத் திரட்டும் திருத்தத்தை. அது தோற்றது. அப்படித் திரட்டாமல் வந்த இறுதி மசோதாவை எதிர்த்தார். இரண்டும் வேறு வேறு வாக்கெடுப்பு. கெரி போர் விஷயத்தில் தடுமாறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஒரு வரியை வைத்து அதை நிரூபிக்க முடியாது என்கிறேன். குழுவுக்கு அனுப்பக் கோரியது, திருத்தத்தை ஆதரித்தது, இறுதி வாக்கெடுப்பில் எதிர்த்தது என மூன்றையும் தனித்தனியாகத் தேதியோடு எழுதுங்கள்.

"பதவிக்கு வந்து கோப்பைப் பார்த்த பிறகுதான் புரிந்தது" என்று அமைச்சர் சொல்லியிருந்தால் உடனே சிரிக்காதீர்கள். வெளியே இருப்பவருக்குக் கிடைக்காத தகவல் உள்ளே இருப்பது உண்மை. ஆனால் எந்தக் கோப்பு, அதில் என்ன எண் தன்னை மாற்றியது என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாதவரை அது வெறும் வாய்ப்பேச்சு.

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்றைப் பாருங்கள்: "மாறிவிட்டேன்" என்கிறாரா, "அன்றும் இதைத்தான் சொன்னேன்" என்கிறாரா? காந்தி 1933ல் 'ஹரிஜன்' இதழில், தன் எழுத்துகளில் முரண் தெரிந்தால் பிந்தையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். பழையதை அவர் ஒளித்துவைக்கவில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவிட்டார். அண்ணா திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டதும் அப்படித்தான். 1962ல் சீனப் போர் வந்தது. 1963ல் பிரிவினை கேட்பவர் தேர்தலிலேயே நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தின் 16வது திருத்தம் வந்தது. கோரிக்கையை விடுகிறோம், அதைக் கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். சரியா தவறா என்று இன்றும் வாதாடலாம். மறைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் தலைவர் பழைய பேச்சையே மறுக்கிறவராக இருந்தால் அவருக்காக நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். மாறுவதை மன்னிக்கலாம். மாறவே இல்லை என்று சாதிக்கிறவர் நம்மைக் கேனயன் என்று நினைக்கிறார்.

உங்கள் அப்பாவையும் நான் சும்மா விடப்போவதில்லை. "காலம் மாறினா கருத்தும் மாறாதா" என்பது சோம்பேறிப் பதில். காலம் தானாக யாருடைய கருத்தையும் மாற்றாது. என்ன மாறியது என்று பேர் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் அதைக் கேட்கிற தகுதி, விளக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் உங்களுக்கு வரும்.

படிக்கும் விதமும் இருக்கிறது. எந்தத் தேதிப் பேப்பர், எத்தனையாம் பக்கம் என்று முதலில் சொல்லுங்கள். தலைப்பு, அதன் கீழே முழுச் செய்தி, கடைசிப் பத்தி வரை. தலைவர் பேசியது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நிருபர் எழுதியது எது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காதால் கேட்பவருக்கு மேற்கோள் குறி தெரியாது. நடுவில் உச்சுக்கொட்டுவது, குரலை இழுப்பது, இதெல்லாம் கூடாது. படித்துப் பேப்பரை மடித்து வைத்த பிறகு உங்கள் வாதத்தை ஆரம்பியுங்கள். பழைய பேச்சும் புதிய விளக்கமும் நீளமாக இருந்தால் ஒரே நாளில் திணிக்காதீர்கள். இருபது நிமிடம் போதும், மிச்சம் மறுநாள்.

நாளைக் காலை அவர் "பேப்பர் வேண்டாம்" என்றுதான் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை நாளாகத் தலைப்போடு நிறுத்திக்கொண்டேன் என்று சொல்லுங்கள். எத்தனை நாள் என்று கேட்டால் குறைத்துச் சொல்லாதீர்கள். பிறகு அந்த அமைச்சர் கையெழுத்துப் போட்ட நாளின் பேப்பரை எடுத்து, நீங்கள் விட்ட இரண்டாம் பத்தியிலிருந்து தொடங்குங்கள்.