டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

இணையதளத்துக்குப் பெயர், அதாவது டொமைன், பதிவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: டாட் காம் எங்கே மலிவு? முதலாண்டு 99 ரூபாய் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன்.

பதில்: புதுப்பிக்கும் விலை என்ன என்று பாருங்கள். எல்லா டாட் காம் பெயர்களும் உள்ள பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனம், நமக்குப் பெயர் விற்கும் நிறுவனங்களான பதிவாளர்களிடம் ஒரு பெயருக்கு ஆண்டுக்கு வாங்கும் தொகை 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்ந்தது. அதற்குக் கீழே விற்பவர் கைக்காசு போட்டு விற்கிறார். மறு ஆண்டு உங்களிடமே எடுத்துக்கொள்வார். கிளவுட்ஃபிளேர் என்ற பதிவாளர் அடக்கவிலைக்கே தருகிறது, ஆனால் பெயரைத் தளம் இருக்கும் கணினிக்கு வழிகாட்டும் நேம்சர்வராக அவர்களுடையதையே பயன்படுத்தியாக வேண்டும். எங்கே வாங்கினாலும் பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.

கேள்வி: தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருந்தும் என் தளப்பெயர் காலாவதியாகிவிட்டது. ஏன்?

பதில்: கார்டிலிருந்து மாதாமாதமோ ஆண்டுதோறுமோ தானாகப் பணம் எடுக்க, 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி உங்கள் முன் ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பதிவாளர் பலரிடம் அந்த ஏற்பாடு இல்லை, பணம் கழியாது. டாட் காம் என்றால் 10 ஆண்டுவரை முன்பணம் கட்டலாம். காலாவதியான பின் அதிகபட்சம் 45 நாள் அவகாசம் கிடைக்கலாம். எத்தனை நாள் என்பது பதிவாளரைப் பொறுத்தது. பெயர் நீக்கப்பட்டுவிட்டால் 30 நாள் மீட்புக்காலம், கட்டணமும் கடுமை. அதன்பின் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இன்றே பதிவாளரிடம் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரிக்கு ஏசி டாட் இன் (.ac.in) என்று முடியும் பெயர் வேண்டும்.

பதில்: எர்நெட் இந்தியா என்ற அரசு அமைப்பிடம் விண்ணப்பியுங்கள். தனியாரிடம் கிடைக்காது.

கேள்வி: நான் தளம் வடிவமைப்பவன். வாடிக்கையாளர் பெயரில் பதியச் சொல்கிறீர்கள். அவர்கள் கடவுச்சொல்லைத் தொலைப்பார்கள், அறிவிப்பைப் படிக்கமாட்டார்கள், தளம் நின்றால் எங்களைத்தான் திட்டுவார்கள். எங்கள் பெயரில் வைத்தால் என்ன தவறு?

பதில்: உங்கள் சிரமம் நியாயமானது; வழிதான் தவறு. என் அக்காவின் கணவர் பவானியில் ஜமக்காளம் விற்கிறார். அவர் கடையின் தளப்பெயரை வடிவமைப்பாளர் தன் பெயரில் பதிந்திருந்தார். எட்டு ஆண்டுகள் விசிட்டிங் கார்டிலும் பைகளிலும் அதே பெயர். அந்த மனிதர் தொழிலை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார். பணம் கட்டிய ரசீதுகள் எல்லாம் மச்சானிடம் இருந்தன. பதிவாளரோ, "பதிவில் உள்ளவர் கேட்டால்தான் செய்வோம்" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. தளப்பெயர் கைவிட்டுப் போயிற்று. வயதான மனிதர் அச்சடித்த பைகளைக் கட்டுக்கட்டாகப் பரணில் ஏற்றியதை நான் பார்த்தேன்.

ஆகவே கணக்கை வாடிக்கையாளர் பெயரில் தொடங்குங்கள். நிர்வகிக்கும் அனுமதியை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவாளரைத் தேர்வு செய்யும்போதே இந்த வசதி உண்டா என்று பாருங்கள். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அஞ்சலும் நிற்கும். எச்சரிக்கை யாருக்கும் வந்து சேராது.

அதே நண்பர்: பணம் தராமல் இழுத்தடிப்பவரை வேறு எப்படி மடக்குவது?

பதில்: தளத்தை ஒப்படைக்காதீர்கள், வழக்குப் போடுங்கள். பெயரைப் பிணையாகப் பிடிக்காதீர்கள். அவர் கடை வாசலில் உள்ள பலகையைக் கழற்றிக்கொண்டு போவீர்களா?

இன்னொருவர்: நானும் வடிவமைப்பாளர்தான். எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் எங்கள் பெயரில் இருக்கலாமே?

பதில்: ஒப்பந்தத்தைப் பதிவாளர் பார்க்கமாட்டார். நீங்கள் நோய்ப்படுக்கையில் விழுந்தால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் யாரிடம் போவார்?

கேள்வி: எது மலிவான பதிவாளர்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பதிவாளர் பிடிக்கவில்லை. மாறினால் மீதிக் காலம் போய்விடுமா?

பதில்: போகாது. டாட் காமில் மாறும்போது ஓராண்டு கட்டுகிறீர்கள், அது மீதிக் காலத்தோடு சேரும். பெயர் வேறிடம் போகாமல் தடுக்கும் பூட்டைக் கணக்கில் திறந்து, மாற்றத்துக்கான கடவுச்சொல் போன்ற மாற்றக் குறியீட்டைப் பழைய பதிவாளரிடம் வாங்குங்கள். பழையவர் மறுக்காவிட்டால் 5 நாளில் முடியும். பதிந்த முதல் 60 நாளில் மாற்ற முடியாது. குறியீட்டைத் தர இழுத்தடிப்பவரிடம் போகவே வேண்டாம்.

கேள்வி: பதிவாளரே மூடிவிட்டால்?

பதில்: 2007இல் ரெஜிஸ்டர்ஃபிளை என்ற பதிவாளரின் அங்கீகாரத்தை, இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐகான் ரத்து செய்தபோது அங்கிருந்த பெயர்கள் கோடாடி என்ற வேறொரு பதிவாளருக்கு மாற்றப்பட்டன. ஐகான் அங்கீகாரம் உள்ளவரிடம் வாங்குங்கள். அப்போதும் பதிவேட்டில் இருப்பது யார் பெயர் என்பதுதான் கணக்கு.

கேள்வி: என் பெயரில்தான் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மலிவான இடமும் சொல்லுங்கள்.

பதில்: மலிவைப் பற்றி மறுபடி கேட்காதீர்கள். 2018 மே மாதத்துக்குப் பின் பொதுத் தேடலில் உரிமையாளர் விவரம் பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. பதிவாளர் கணக்கில் நுழைந்து பதிவுதாரர் பகுதியைப் பாருங்கள். கணக்கே உங்களிடம் இல்லையென்றால், தளம் செய்து கொடுத்தவரிடம் இன்றே எழுத்தில் கேளுங்கள்.