படி வயல், கல்கட்டு, பங்குத் தண்ணி: உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: மலையில படி வயல தாங்குற கல்கட்டு ஒரு இடத்துல வயிறு தள்ளி நிக்குது. சிமெண்ட் பூசிடலாமா?

வேண்டவே வேண்டாம். சுவத்த தள்றது மண்ணுக்குள்ள தேங்குன தண்ணி, அது கல் இடுக்கு வழியாத்தான் வெளிய வரணும், அத அடைச்சா மொத்த பாரமும் சுவர் மேலதான். தள்ளுன இடத்த மட்டும் பிரிச்சு, பெரிய கல்ல அடியில போட்டு, சுவர் மலைப்பக்கம் லேசா சாயுற மாதிரி அடுக்குங்க, பின்னாடி பொடிக்கல் நிரப்புங்க.

கேள்வி: எந்த பைப் நல்லது?

கடையில கேளுங்க, அது என் வேலை இல்ல.

கேள்வி: தண்ணிய மடை அகலம் வச்சு பிரிக்கறதா, மணிக்கணக்கா?

ஓடை நல்லா ஓடுறப்ப அகலம். சீனாவுல ஹானி மக்கள் வாய்க்கா குறுக்க வெட்டு வெச்ச மரக்கட்டைய போடுவாங்க, தண்ணி கூடுனாலும் குறைஞ்சாலும் அவங்கவங்க பங்கு மாறாது. ரொம்ப வத்திட்டா ஆளுக்கு இத்தன மணி நேரம்னு முறை வச்சுக்கோங்க, இல்லன்னா பிரிஞ்ச தண்ணி கடைமடை போறதுக்குள்ள வாய்க்காலே குடிச்சிரும்.

கேள்வி: சுவத்தோட முகப்புல மட்டும் சிமெண்ட்?

கூடாது, மேலயே சொல்லிட்டேன்.

கேள்வி: மேல் வயல் எங்களுது. கீழ உள்ளவங்களுக்காக நாங்க ஏன் நடவுக்கு காத்திருக்கணும்?

உங்களுக்கு தண்ணி பயம் இல்ல, சரி, பூச்சி பயம் இருக்குல்ல? பாலித் தீவுல சுபாக்னு பாசன சங்கங்க இருக்கு, பக்கத்து பக்கத்து சுபாக்கெல்லாம் கலந்து பேசி ஒரே சமயத்துல நட்டு ஒரே சமயத்துல அறுத்து வயல காலியா விடுவாங்க, தின்ன பயிர் இல்லாம பூச்சி செத்துரும். கீழயும் தண்ணி போனாத்தான் எல்லாரும் ஒண்ணா நட முடியும், மேல உள்ளவங்க தண்ணிய பகிர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதே ஆள்: மருந்து அடிச்சா போச்சு!

போகாதுங்க! 1970கள்ல அங்க அதத்தான் செஞ்சாங்க. இடைவெளி விடாம நடச்சொல்லி அரசாங்கமே சொல்லுச்சு, மருந்தும் அடிச்சாங்க, நெல்லுச் சாற உறிஞ்சுற புகையான் பூச்சி பெருகி விளைச்சல் போச்சு, ஏன்னா புகையான தின்னுற சிலந்தியும் சேர்ந்து செத்துப்போச்சு. பழைய முறைக்கு திரும்புனப்பதான் அடங்குச்சு.

கடைமடைக்காரர் ஒருத்தர்: அப்ப எங்களுக்கும் பேரம் பேச ஒரு பிடி இருக்கு!

ஆமா, நல்லாவே இருக்கு. நடவு தேதிய சேர்ந்து உட்கார்ந்து முடிவு பண்ணுங்க.

கேள்வி: கல் இடுக்குல தண்ணி கசியுது, சிமெண்ட்...

கசியணும்ங்க! தயவுசெஞ்சு முதல் பதில படிங்க.

கேள்வி: ஆள் கிடைக்கல, வயல சும்மா போட்டா என்ன?

பிலிப்பைன்ஸ்ல இஃபுகாவோ படிவயல்ல பல இடத்துல அப்படித்தான் விட்டாங்க. காஞ்ச வயல் வெடிச்சு, வெடிப்புல மழை எறங்கி, ஒரு சுவர் சரிஞ்சா அடுத்த படியையும் இழுத்துட்டு போகும். 2001ல யுனெஸ்கோ அத ஆபத்துல இருக்குற உலக பாரம்பரிய இடங்களோட பட்டியல்ல சேர்த்துச்சு, வெளிய வர 2012 ஆச்சு. அதனால பக்கத்து வயல்காரருக்கு குத்தகைக்காவது விடுங்க, வாய்க்கா தூர் வார்ற அன்னைக்கு மட்டும் உங்க வீட்டுல இருந்து ஒரு ஆள் போயிரட்டும்.