சூரியன் மறைந்த பிறகும் மொராக்கோவின் நூர் சூரிய மின் நிலையம் மின்சாரம் தருவது எப்படி?

சூட்டை உருகிய உப்பில் சேர்த்து வைத்துத்தான். சஹாராவின் விளிம்பில், வர்சசாத் ஊருக்கு அருகே இருக்கிறது நூர். அரபியில் 'நூர்' என்றால் ஒளி, பொருத்தமான பெயர். முதல் பகுதி 2016-இல் திறக்கப்பட்டது, 160 மெகாவாட்.

மூன்றாம் பகுதியைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பி, சுமார் 250 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் வெயிலைக் குவிக்கின்றன. அங்கே சோடியம், பொட்டாசியம் நைட்ரேட் உப்புக் கலவை 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகி, பெரிய தொட்டிக்கு இறங்குகிறது. நம் வீட்டு ஃபிளாஸ்க் மாதிரி, தொட்டி அந்தச் சூட்டைக் காக்கும். இருட்டிய பின் அதே உப்பு தண்ணீரை நீராவியாக்கி டர்பைனைச் சுழற்றுகிறது. சுமார் 7 மணி நேரம் தாங்கும். மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கெரியும் நேரத்துக்கு இது பெரிய உதவி.

சரி, தண்ணீர்? எனக்குக் கவலை தருவது இதுதான். கண்ணாடியில் படியும் தூசியைக் கழுவியாக வேண்டும். முதல் பகுதியில் டர்பைனைச் சுழற்றிய நீராவியைக் குளிரூட்டவும் தண்ணீர்தான். அதுவும் வறண்ட திரா பள்ளத்தாக்கின் அணையிலிருந்து வருகிறது. அடுத்த இரண்டு பகுதிகளையும் காற்றால் குளிரூட்டும் முறைக்கு மாற்றியது மிகச் சரியான முடிவு.