தேசிய மொழியும் ஆட்சி மொழியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வினாடி வினா ஒன்றில் சிங்கப்பூரின் தேசிய மொழி எது என்று கேட்டார்கள். ஆங்கிலம் என்றேன். இல்லை, மலாய் என்றார்கள். தமிழுக்கும் அங்கே இடம் உண்டே, அப்புறம் அதற்கு என்ன பெயர்? தேசிய மொழி வேறு, ஆட்சி மொழி வேறா? அமெரிக்காவுக்கு இரண்டுமே கிடையாது என்கிறார்களே, உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

அவர்கள் சொன்னது சரிதான். சிங்கப்பூர் அரசமைப்பின்படி மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஆட்சி மொழிகள். தேசிய மொழி மலாய் மட்டும். நாட்டுப்பண் மலாயில்தான். ராணுவ அணிவகுப்பில் சீனப் பையனும் தமிழ்ப் பையனும் 'செடியா' என்ற கட்டளை கேட்டுத்தான் விறைத்து நிற்கிறார்கள். ஆனால் திடலை விட்டு வெளியே வந்தால் படிவம், பாடம், நீதிமன்றம் எல்லாம் ஆங்கிலம். முக்கால்வாசிப் பேர் சீனர்களாக உள்ள நாடு, மலாய் பேசும் அண்டை நாடுகளுக்கு நடுவே இருக்கிறது. மலாயை அந்த இடத்தில் வைத்ததில் அரசியல் கணக்கு இல்லாமலா இருக்கும்?

தேசிய மொழி என்பது பெரும்பாலும் ஒரு மரியாதை. மனுப் போட, பதில் கேட்க, வழக்காட ஆட்சி மொழிதான் வேண்டும். இதெல்லாம் ஏட்டளவு வித்தியாசம் என்று நினைப்பவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். 1956 சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழி (ஆட்சி மொழிக்கு அங்கே அதுதான் பெயர்) ஆக்கியது. 1978 அரசமைப்பு தமிழையும் தேசிய மொழி என்றது. அரசகரும மொழி மட்டும் சிங்களமாகவே இருந்தது. வடக்கு, கிழக்கில் தமிழில் நிர்வாகம் நடத்த வழி வைத்தார்கள். அந்தப் பெயரைத் தரத்தான் மனம் வரவில்லை. 1987இல், அத்தனை ரத்தம் சிந்திய பிறகு, 13ஆவது திருத்தம் வந்தது. அப்போதும் சிங்களம் பற்றிய பழைய வரி அப்படியே நின்றது. தமிழும் அரசகரும மொழி என்பதை அதற்குக் கீழே தனி வரியாகச் சேர்த்தார்கள்.

லக்சம்பர்க் வேறு மாதிரி. 1984 சட்டப்படி அவர்களுடைய தேசிய மொழி லக்சம்பர்கிஷ், ஆனால் சட்டங்கள் எழுதப்படுவது பிரெஞ்சில். அரசு அலுவலகத்துக்கு இவ்விரண்டிலோ ஜெர்மனிலோ எழுதலாம். கூடுமானவரை அதே மொழியில் பதில் தர வேண்டும். கைக்கு உதவுகிற விதி என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். பொலிவியாவின் 2009 அரசமைப்பு 37 மொழிகளை ஆட்சி மொழிகள் என்கிறது. பட்டியலைவிட எனக்குப் பிடித்தது அதன் அடுத்த விதி: அரசு நிர்வாகம் குறைந்தது இரண்டு மொழிகளில் நடக்க வேண்டும், அதில் ஒன்று ஸ்பானியம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இந்தியாவையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கடிதம் அதுவாகத்தான் இருக்கும். நம் அரசமைப்பில் தேசிய மொழி என்று எதுவும் இல்லை. 343ஆவது பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சி மொழி என்கிறது; 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு ஆங்கிலமும் தொடர்கிறது. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளும் தேசிய மொழிகள் என்று மேடையில் முழங்குவார்கள். அட்டவணை அப்படிச் சொல்லவில்லை.

அமெரிக்கா பற்றி நீங்கள் கேள்விப்பட்டது 2025 மார்ச் வரை சரி. அந்த மாதம் அதிபர் ஆணை ஒன்று ஆங்கிலத்தை ஆட்சி மொழியாக அறிவித்தது. அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. அடுத்து வரும் அதிபர் ஒரு கையெழுத்தில் நீக்கிவிடலாம். பிற மொழிகளில் சேவை தருவதை அலுவலகங்கள் நிறுத்தியே ஆக வேண்டும் என்றும் அதில் இல்லை.