துப்பாக்கி பேரல்ல (குழாய்ல) 1894-னு போட்டிருந்தா அது ஆன்டிக் ஆயிடுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. டல்லாஸ் பக்கம் ஹெச்-1பி வேலை விசாவுல இருக்கேன், ஐ-140 (கம்பெனி போட்ட கிரீன் கார்டு மனு) அப்ரூவ் ஆகி கிரீன் கார்டு க்யூவுல நிக்கிறேன். கீழ இருக்குற பிடிய இழுத்து தோட்டா ஏத்துற பழைய லீவர் ஆக்‌ஷன் ரைபிள்னா சின்ன வயசுலேர்ந்தே பைத்தியம். ஒரு எஸ்டேட் சேல்ல வின்செஸ்டர் 1894, எட்டுப்பட்டை பேரல், .30-30 தோட்டா போடுறது, விலை 2,800 டாலர். 500 அட்வான்ஸ் குடுத்துட்டேன். "1898-க்கு முந்தின ஆன்டிக், ஒரிஜினல் பேரல், பேப்பர் தேவையில்ல"னு ரசீதுலயே எழுதிக் குடுத்தாரு. பேரல்ல 1894-னு தெளிவா இருக்கு, சீரியல் நம்பர் 2 லட்சத்துக்கு மேல. ஒரு பாக்ஸ் தோட்டா ஃப்ரீயாம். வாங்கலாமா? பின்னாடி ஊருக்கு எடுத்துட்டுப் போய் ஹால்ல மாட்டணும்.

பதில்: அட்வான்ஸோட நின்னீங்களே, அதுவரைக்கும் நல்லது. மீதிய குடுக்காதீங்க, ரைபிள வீட்டுக்கும் கொண்டுவராதீங்க.

பேரல்ல இருக்குறது செஞ்ச வருஷம் இல்ல. மறுபடி உத்துப் பாருங்க, ஆகஸ்ட் 21, 1894-னு இருக்கும், அது ஜான் ப்ரௌனிங் வாங்குன பேட்டன்ட்டோட தேதி, 1910-ல செஞ்ச துப்பாக்கிலயும் அதே தேதிதான் அடிச்சிருப்பாங்க. இந்த மாடல 2006 வரைக்கும் 70 லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க, எல்லாம் ஆன்டிக்னா சட்டத்துக்கு என்ன மரியாதை. ஃபெடரல் சட்டத்துல ஆன்டிக்னா 1898 முடியறதுக்குள்ள செஞ்சிருக்கணும், அவ்வளவுதான், அதுவும் ரிசீவர் (பேரல் மாட்டுற, சுடுற பொறி இருக்குற நடு பாகம்) எப்ப செஞ்சதுங்கறதுதான் கணக்கு. 1894 மாடல்ல அந்த எல்லை சுமாரா 1,47,000 சீரியல்கிட்ட வருது. உங்களுது 2 லட்சத்துக்கு மேலன்னா சந்தேகமே வேணாம், தாண்டிருச்சு.

இதுல என்ன ஆபத்துன்னா, நான்-இமிக்ரன்ட் விசாவுல (உங்க ஹெச்-1பி மாதிரி தற்காலிக விசா) இருக்குறவங்க துப்பாக்கியும் தோட்டாவும் வெச்சிருக்கவே கூடாதுன்னு 1968 கன் கன்ட்ரோல் ஆக்ட்ல வர்ற 922(ஜி) பிரிவு சொல்லுது, 2022-க்கு அப்புறம் தண்டனை 15 வருஷம் வரைக்கும். ஐ-140 அப்ரூவல் இந்த இடத்துல ஒண்ணுக்கும் உதவாது, கிரீன் கார்டு கையில வந்தாதான் இந்தத் தடை போகும். ஜெயிலுக்குப் போகலன்னாலும் துப்பாக்கி கேஸ்ல குற்றம் நிரூபணம் ஆனா நாடு கடத்தவே அது போதுமான காரணம். நிஜமான ஆன்டிக் இந்தச் சட்டத்துல "துப்பாக்கி"யே கிடையாது, அதனால அத நீங்க வாங்கலாம். ஆனா அந்த ஃப்ரீ பாக்ஸ் இருக்கே, அதுதான் வினை. 1895-ல செஞ்ச அசல் ஆன்டிக்கா இருந்தாலும் .30-30 இன்னைக்கும் கடையில விக்கிற தோட்டா, அது ஆன்டிக் ஆகாது. ரைபிள் சட்டப்படி சரி, ஆனா டிராயர்ல கிடக்குற ஒரே ஒரு தோட்டா குற்றம்! கேக்க கிறுக்குத்தனமா இருக்கும், சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கு.

ஒரு வழி இருக்கு. முறையா வாங்குன ஹன்ட்டிங் லைசன்ஸ் கையில இருந்தா 922(ஜி) விசா தடைக்கு விலக்கு உண்டு. டெக்ஸாஸ்ல அது ஆகஸ்ட் 31-ஓட முடியும், புதுப்பிக்க மறந்து செப்டம்பர்ல ரைபிள் வீட்ல இருந்தா திரும்ப பழைய கதைதான். அப்புறம் வேலை மாறி நியூ ஜெர்சி, எடிசன் பக்கம் போனீங்கன்னா அங்க மாநிலச் சட்டம் வேற, தோட்டா இன்னும் கடையில கிடைக்கிற பழைய ரைபிளுக்கும் துப்பாக்கி வாங்குறதுக்கான ஐடி கார்டு கேப்பாங்க.

விலை விஷயத்துக்கு வருவோம். வயோமிங்ல கோடின்னு ஒரு ஊரு (பணக் கோடி இல்ல, வைல்ட் வெஸ்ட் ஷோ நடத்துன பஃபலோ பில் கோடி பேர்ல வந்த ஊரு), அங்க இருக்குற மியூசியத்துல வின்செஸ்டர் கம்பெனியோட பழைய பதிவேடு இருக்கு, 1894 மாடலுக்கு 3,53,999-ம் சீரியல் வரைக்கும். காசு கட்டினா லெட்டர் குடுப்பாங்க, ஃபேக்டரிய விட்டுப் போனப்ப வட்ட பேரலா எட்டுப்பட்டையா, என்ன தோட்டா, எப்ப வெளிய போச்சுன்னு அதுல இருக்கும். வட்ட பேரல்னு பதிவாகியிருந்து உங்க கையில எட்டுப்பட்டை இருந்தா யாரோ மாத்திருக்காங்க, பழைய துப்பாக்கி சேகரிக்கிறவங்க குடுக்குற விலை போச்சு. இரும்புக்குப் புதுசா நீலப் பூச்சு ஏத்தி பளபளன்னு இருந்தாலும் அதே கதி, இந்த உலகத்துல அழுக்குக்குத்தான் மதிப்பு. அப்பாச்சி பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவ துரத்திப் போன கேப்டன் லாட்டனுக்குக் குடுத்த வின்செஸ்டர் 1886 மாடல், சீரியல் நம்பர் 1, 2016-ல 12.65 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு, யார் கையில இருந்துச்சுங்கறது தெளிவா இருந்ததாலதான் அந்த விலை.

ஊருக்குக் கொண்டுபோறது பத்தி. இந்திய ஆயுதச் சட்டம் 1959-ல 45-வது பிரிவுல பழம்பொருள் ஆயுதத்துக்கு விலக்கு இருக்குன்னு சிலர் சொல்வாங்க, முழுசா படிக்க மாட்டாங்க. ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாத நிலையில இருந்தாதான் அந்த விலக்கு. உங்களுது சுடுற துப்பாக்கி, லைசன்ஸ் இல்லாம ஏர்போர்ட்ல இறங்கினா கேஸ்தான். அந்த ஆசைய இப்போதைக்கு ஓரமா வைங்க.

500 டாலர்? அந்த ரசீதுதான் உங்க பலம். 1898-க்கு முந்தினதுன்னு எழுதிக் குடுத்தது டெக்ஸாஸ் வணிகச் சட்டம் 2.313-ன்படி உத்தரவாதம், "இருக்குறபடியே விக்கிறேன்"னு ஒரு வரி சேர்த்துட்டு அதுலேர்ந்து அவ்வளவு லேசா நழுவ முடியாது. சீரியல் நம்பரக் காட்டி, சொன்ன பொருள் இது இல்ல, பணத்த திருப்பிக் குடுங்கன்னு ஈமெயில்ல எழுதுங்க, போன்ல சண்டை போடாதீங்க. குடுக்கலன்னா இந்தத் தொகைக்கு ஜஸ்டிஸ் கோர்ட் (சின்னத் தொகை வழக்குக்கான கோர்ட்) போதும், வக்கீல்கூட வேணாம். ரசீத இன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.