மருத்துவர் பதில்கள்: வார்டு நேரமும் உறக்க நேரமும்

கேள்வி: என் மகள் அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். காலை ஏழு மணிக்கு விடுதியை விட்டுக் கிளம்பினால் இரவு எட்டரைக்குத்தான் திரும்புகிறாளாம். கல்லூரி நான்கு மணிக்கு முடிந்துவிடும் என்று சேர்க்கையின்போது சொன்னார்கள். மாணவிகளை இவ்வளவு நேரம் மருத்துவமனையில் நிறுத்திவைப்பது முறைதானா? – ஒரு தாய், தென்காசி

பதில்: தங்கள் கவலை புரிகிறது, அம்மா. ஆனால் தங்கள் மகளை யாரும் நிறுத்திவைத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; அவராகவே நின்றுகொண்டிருக்கக் கூடும். 2019-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி, எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டிலிருந்து கிளினிக்கல் போஸ்டிங் (வார்டில் நோயாளிகளிடம் நேரடியாகக் கற்பது) நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான். பெரும்பாலான கல்லூரிகளில் அது ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை நடக்கும். மதிய உணவுக்குப் பின் நான்கு மணி வரை வகுப்புகள். தங்களிடம் சொன்ன கணக்கில் தவறில்லை. அந்தக் கணக்குக்குள் வராத ஓர் உழைப்பு காலையிலும் மாலையிலும் இருக்கிறது.

காலை ஒன்பது மணிக்குச் சீஃப், அதாவது பிரிவின் தலைமை மருத்துவர், ரவுண்ட்ஸ் வரும்போது, தமக்கு ஒதுக்கப்பட்ட நோயாளியிடம் நோயின் வரலாற்றைக் கேட்டு, உடலைப் பரிசோதித்து, எழுதி முடித்திருக்க வேண்டும். இதைத்தான் மாணவர்கள் 'கேஸ் எடுப்பது' என்பார்கள். புதிதாகக் கற்பவருக்கு ஒரு கேஸுக்கு ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். ஆகவே ஏழு மணிக்கே கிளம்பியாக வேண்டும்.

மாலை நேரம் இதைவிட முக்கியமானது. காலையில் ஒரே நோயாளியைச் சுற்றிப் பத்து மாணவர்கள் நிற்பார்கள். இடையில் எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போவார்கள். நோயாளியும் பதில் சொல்லிக் களைத்திருப்பார். மாலை ஐந்து மணிக்குப் பார்வையாளர்கள் ஓய்ந்த பிறகு வார்டுக்குப் போனால் அதே நோயாளி நிதானமாகப் பேசுவார். மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வலது அடிவயிற்றில் கையை வைத்து, நோயாளியை மூச்சை இழுக்கச் சொல்லி, ஒவ்வொரு மூச்சுக்கும் சிறிது சிறிதாக இடது விலாவை நோக்கி நகர வேண்டும். ஏதோ ஒரு மூச்சில் மண்ணீரலின் விளிம்பு விரல் நுனியில் வந்து இடிக்கும். அதை ஒரு முறை உணர்ந்தவர் பிறகு மறக்க மாட்டார். உணரும் வரை எத்தனை முறை படித்தாலும் விளங்காது. இப்படிப்பட்ட பொறுமை மாலை வார்டில்தான் வாய்க்கும்.

மகப்பேறு போஸ்டிங்கின்போது சில நாட்கள் இரவிலும் பிரசவ வார்டில் தங்க நேரிடும். அதையும் தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாங்கள் மகளிடம் கேட்க வேண்டியது வேறு. காலைச் சிற்றுண்டியை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள், இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்று கேளுங்கள். வெறும் வயிற்றோடு அறுவை அரங்கில் இரண்டு மணி நேரம் நின்று மயங்கி விழுந்த மாணவர்களை நான் பலமுறை தாங்கிப் பிடித்திருக்கிறேன். எட்டரைக்குத் திரும்பிப் பதினொன்றுக்குப் படுத்துவிட்டால் கவலைப்பட ஏதுமில்லை. இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, காலை ஏழு மணிக்கு மீண்டும் கிளம்புகிறார் என்றால், மாலை வார்டை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஹவுஸ் சர்ஜன். பொது மருத்துவப் போஸ்டிங்கில், எங்கள் யூனிட் (மருத்துவர் பிரிவு) புதிய நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளன்று காலை எட்டு மணிக்குத் தொடங்கும் டூட்டி மறுநாள் மாலை நான்கு மணிக்குத்தான் முடிகிறது. 'எங்கள் காலத்தில் இதைவிட அதிகம் பார்த்தோம்' என்கிறார்கள் மூத்தவர்கள். இதற்கு விதி ஏதும் இல்லையா? – பயிற்சி மருத்துவர், சேலம்

பதில்: அந்த 'எங்கள் காலத்தில்' நானும் இருந்தவன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, தொடர்ந்து முப்பதாவது மணி நேரத்தில், அடுத்தடுத்த படுக்கைகளில் இருந்த இரண்டு பெண்களுக்கு ரத்தம் ஏற்றுவதற்காக மாதிரி எடுத்தேன். இருவருக்கும் ஒரே பெயர். படுக்கையருகிலேயே குழாயில் பெயரும் எண்ணும் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் இரண்டு குழாய்களையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்து எழுதத் தொடங்கினேன். அருகிலிருந்த செவிலியர், "டாக்டர், இதில் பதினான்காம் படுக்கை எது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டையும் கொட்டிவிட்டு, அந்தப் பெண்களை எழுப்பி மீண்டும் ரத்த மாதிரி எடுத்தோம். அவர் கேட்காமல் போயிருந்தால் ஒருத்திக்கு வேறு வகை ரத்தம் ஏறியிருக்கக் கூடும். நீண்ட டூட்டியைப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் அந்த இரண்டு குழாய்கள்தான் என் நினைவுக்கு வருகின்றன.

விதிக்கு வருவோம். உறைவிட மருத்துவர்களுக்கான (மருத்துவமனையில் பணிபுரிந்தபடியே பயிற்சி பெறுபவர்கள்) 1992 ஜூன் மாத மத்திய அரசு வழிகாட்டுதல், தொடர்ச்சியான பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரப் பணி 48 மணி நேரமாக இருக்க வேண்டும் என்று சொன்னது. மருத்துவமனையின் தேவைக்கேற்ப நெகிழ்த்திக்கொள்ளலாம் என்றும் கூடவே சொன்னதால், நெகிழ்வே வழக்கமாகிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பட்டமேற்படிப்பு விதிகள் 'நியாயமான' பணி நேரம் என்று கூறுகின்றனவே தவிர, எண் எதையும் குறிப்பிடவில்லை. மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் வாரத்துக்கு 74 மணி நேரம் என்ற உச்சவரம்பைப் பரிந்துரைத்தது: ஒரு 24 மணி நேர டூட்டி, ஐந்து நாட்கள் பத்து மணி நேரம், ஒரு நாள் முழு ஓய்வு. இது பரிந்துரை மட்டுமே. இவற்றில் பெரும்பகுதி பட்டமேற்படிப்பு மாணவர்களை முன்வைத்து எழுதப்பட்டது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஆனாலும் உங்கள் 32 மணி நேரம் இவற்றில் எந்த அளவுகோலுக்கும் பொருந்தாது.

அமெரிக்காவிலும் இது எளிதாக மாறிவிடவில்லை. 1984-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயதுப் பெண் இறந்ததையொட்டிப் பயிற்சி மருத்துவர்களின் பணி நேரம் பற்றி எழுந்த கேள்விகளால், 1989-இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. நாடு முழுவதும் அந்த வரம்பு வர 2003 ஆயிற்று. 2004-இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், பழைய நீண்ட டூட்டி முறையில் பணியாற்றிய பயிற்சி மருத்துவர்கள், குறுகிய டூட்டி பார்த்தவர்களைவிட 36 விழுக்காடு அதிகமாகக் கடுமையான தவறுகளைச் செய்திருந்தது தெரியவந்தது.

நீங்கள் தனியாகப் போய்ச் சண்டையிட வேண்டாம். யூனிட்டில் உள்ள ஹவுஸ் சர்ஜன்கள் அனைவரும் சேர்ந்து, அட்மிஷனுக்கு மறுநாள் ஓ.பி.யை வேறொரு ஹவுஸ் சர்ஜன் பார்க்கும்படி அட்டவணை ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு சீஃபைப் பாருங்கள். குறையாக மட்டும் சொன்னால் தள்ளிப்போடுவார்கள். அட்டவணையாகக் கொடுத்தால் பெரும்பாலும் கையெழுத்துப் போடுவார்கள். ஆய்வகத்துக்கு மாதிரி தூக்கிச் செல்வதில் இரவில் எத்தனை மணி நேரம் போகிறது என்பதையும் ஒரு வாரம் குறித்துவைத்து அதோடு காட்டுங்கள். அது கற்றலும் ஆகாது, மருத்துவமும் ஆகாது.

அதுவரை இரவில் இருவர் இருந்தால், மாறி மாறி மூன்று மணி நேரமாவது படுங்கள். ரத்த மாதிரி, இன்சுலின், பொட்டாசியம் ஆகிய மூன்றையும் தொடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். டூட்டி முடித்துப் போகும்போது ஒவ்வொரு கடினமான நோயாளியைப் பற்றியும் இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டுக்கு இருசக்கர வாகனத்தில் போகாதீர்கள். 24 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம் மது அருந்தியவரின் கவனத்துக்குச் சமம்.

கேள்வி: சமூக மருத்துவப் போஸ்டிங்கில் வேலை குறைவு என்பதால் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் போகலாமா? – பயிற்சி மருத்துவர், மதுரை

பதில்: வேண்டாம். பயிற்சி ஆண்டின் 52 வாரங்களில் 12 வாரங்கள் சமூக மருத்துவத்துக்கு உரியவை. மூத்த மருத்துவர் அடுத்த அறையில் இருக்க, நீங்களாகவே நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பு, இந்தப் போஸ்டிங்கில் நீங்கள் போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் முதன்முதலில் கிடைக்கும். ஓ.பி. மதியத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அதன் பிறகு அங்கேயே அமர்ந்து, அன்று காலை பார்த்த நோய்களைப் பற்றி முதலில் படியுங்கள்.